ஊசிக்கு மறுநாள்

நல்ல நாள் பார்க்காமல் நான் எந்தக் காரியத்தையும் தொடங்குவதில்லை. இன்றைக்கு நீங்கள் ஜீப்பை அனுப்பியபோதுகூட காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். ராகு காலம் முடிந்திருந்தது. அதனால் மனசு அமைதியாக இருக்கிறது மேடம். ஏட்டம்மா எழுதிக்கொள்ளட்டும். நான் வேகமாகப் போனால் சொல்லுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் திருப்பதி. போடியில் ஏலக்காய் வியாபாரம். மலையில் காய் வாங்கி, கோடவுனில் பெண்களை வைத்துத் தரம் பிரித்து வடக்கே அனுப்புகிறேன். போடிமெட்டுக்கு அங்கிட்டு சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. சந்திரவல்லி என் மனைவி. என் அத்தை மகள். அவள் பிறந்த அன்றைக்கே திருப்பதிக்கு ஒருத்தி பிறந்துவிட்டாள் என்று எங்கள் வீட்டில் சர்க்கரை கொடுத்தார்கள். அவளைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை என் வாயில் வராது. ஊரில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள். திருப்பதி பொண்டாட்டி மேல் கை வைத்ததில்லை என்றுதான் சொல்வார்கள்.

சில வருடங்களுக்கு முன் சந்திரா சேலை வியாபாரம் ஆரம்பித்தாள். கடை கிடையாது. மாடி அறையில் செல்போனை ஒரு கம்பியில் மாட்டி, அதைச் சுற்றி வளையமாக ஒரு விளக்கு. கோயம்புத்தூரில் படிக்கிற எங்கள் மகள் முத்துப்பிரியா வாங்கி அனுப்பியது. சாயந்தரமானால் இவள் அதன் முன் உட்கார்ந்து சேலைகளைப் பிரித்துக் காட்டுவாள். ஊர் உலகமெல்லாம் அதை நேரலையில் பார்த்து ஆர்டர் போடும். நல்ல காரியம் என்று நானே தேங்காய் உடைத்துத் தொடங்கிவைத்தேன்.

கோடவுனில் உட்கார்ந்து நானும் பார்ப்பேன். வேறு பெயரில். கட்டியவன் பார்க்கிறான் என்று தெரிந்தால் அவளுக்குப் பேச்சு தடுமாறும், அதற்காகத்தான். முதலில் சேலையைப் பார்த்தேன். பிறகு கீழே ஓடுகிற எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தேன். அக்கா உங்களுக்கு வயசே ஆகாதா என்று ஒருத்தி எழுதுவாள். கம்பம் ஊரிலிருந்து ராஜா முகம்மது என்று ஒருவர், வாரம் தவறாமல் தன் வீட்டம்மாவுக்குச் சேலை எடுப்பார். அவர் பெயர் வந்ததும், "வாங்கண்ணே, மதினி சௌக்கியமா?" என்று இவள் சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அது என் பக்கம் வந்ததே இல்லை. பொறாமை என்று எழுதுவதானால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். வயிறு எரிந்தது. ஆம்பளை பார்த்தாலும் எரிந்தது, பொம்பளை பார்த்தாலும் எரிந்தது. என் வீட்டு மாடியில் இருக்கிற முகத்தை எங்கேயோ எவனோ படுத்துக்கொண்டு பார்க்கிறான். ஆனால் நான் சத்தம் போடவில்லை. அவளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நெற்றியில் கோடு விழ ஆரம்பித்திருந்தது, தாடைக்குக் கீழே தோல் தளர்ந்திருந்தது. காலம் பார்த்துக்கொள்ளும் என்று பொறுமையாக இருந்தேன்.

அந்தப் பாழாய்ப்போன விளக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. ஒருநாள் தன் வீடியோவைத் தானே போட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, எனக்கு நெத்தியெல்லாம் வாய்க்கா வெட்டிக் கெடக்கு. மதுரையில ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். ஊசி போட்டா சுருக்கம் போயிருமாம். ஆடிப்பெருக்கு சேலுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவமா?" என்று கேட்டாள். கெஞ்சிக் கேட்கிறவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் அனுசியா நல்ல மனுஷி. அவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நெற்றிக் கோட்டுக்கு ஊசி, தொய்ந்த தோலுக்குச் சூடு கொடுத்து இறுக்குகிற மெஷின், இரண்டும் சேர்ந்தால்தான் முகம் நன்றாக வரும் என்றார். மெஷினை எங்கள் போடியிலேயே நஜ்லா தன் அழகு நிலையத்தில் வைத்திருந்தாள். சம்சுதீன் பாயின் மகள், முறையாகப் படித்த பெண். அங்கேயே செய்துகொள்ளலாம், ஆனால் முறை மாறக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அந்த நேரத்தில் சந்திராவைப் போட்டோ எடுக்க உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். என்னிடம்தான் சொன்னார்.

"முதல்ல மெஷின் சார். வீக்கம், சிவப்பு எல்லாம் வடியட்டும். ரெண்டு வாரம் கழிச்சு ஊசி. ஏதோ காரணத்தால ஊசி முந்திருச்சுன்னா, அப்புறம் ரெண்டு வாரத்துக்கு நெத்திப் பக்கம் சூடும் படக்கூடாது, தேய்க்கவும் கூடாது. மருந்து இடம் விட்டு நகர்ந்து கண் இமை இறங்கிரும். மேடத்துக்கும் சொல்லிருங்க."

எனக்குச் சொன்ன மாத்திரத்தில் புரிந்துவிட்டது. ஏலக்காயை உலர்த்துகிற அறையிலும் சூட்டை முந்தி ஏற்றினால் காய் வெடித்துவிடும். சரி டாக்டர், சொல்லிவிடுகிறேன் என்றேன். உசிலம்பட்டியில் டீ குடிக்கிற வரைக்கும் சத்தியமாக எனக்கு எந்த எண்ணமும் இல்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது சந்திரா காருக்குள் இருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி, அந்தச் சிரிப்பைச் சிரித்துப் பார்த்துக்கொண்டாள். கண்ணாடியில் நான் இல்லை.

"டாக்டர் என்ன மாமா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஊசி முதல்ல. அப்புறம் மெஷின்" என்றேன்.

அப்போதுகூட அது வாய் தவறி வந்தது என்றுதான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆனால் நஜ்லா முதலில் கொடுத்த தேதியைக் காலண்டரில் பார்த்து, அஷ்டமி என்று சொல்லித் தள்ளிப்போட்டது நான்தான். எங்கள் பக்கம் அஷ்டமி, நவமியில் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள். அதை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இரண்டு இடத்திலும் என் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். பொம்பளையின் நம்பரைக் கண்ட இடத்தில் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அதனால் யார் பேசினாலும் என்னிடம்தான் பேச வேண்டும். ஊசி போடுகிற நாள் வந்தபோது, போடியில் மெஷின் முடிந்து இரண்டு வாரமாகிவிட்டது என்று மதுரைக்குப் போனில் சொன்னேன். டாக்டர் ஊசி போட்டார்.

மறுநாள் ஆனி மாதக் கடைசி. விடிந்தால் ஆடி. "இன்னைக்கு விட்டா ஆடி பொறந்துரும். ஆடியில போயி முகத்துல புதுசா கை வைக்கலாமா? வெரசா கிளம்பு, இன்னைக்கே மெஷினையும் முடிச்சிருவோம்" என்றேன். சந்திரா என் காலண்டரைக் கேலி பண்ணுவாள், ஆனால் மீற மாட்டாள். போகிற வழியில் இன்னொன்றும் சொன்னேன். "மதுரைக்குப் போனதச் சொல்லிக்கிடாத. தன்னைய நம்பலையேன்னு அந்தப் புள்ள சங்கடப்படும்." யாருக்கும் சங்கடம் கொடுக்காதவள் அவள். சரி என்றாள்.

நஜ்லா கெட்டிக்காரி. தொடுவதற்கு முன்னால் கேட்டாள், "அக்கா, இதுக்கு முந்தி முகத்துல ஊசி எதும் போட்டிருக்கீங்களா?"

சந்திரா என்னைப் பார்த்தாள்.

"இல்லத்தா. அது ஆடி கழிஞ்சுதான்" என்று நான் சொன்னேன்.

அந்தப் பெண் நெற்றியில் ஜெல்லைப் பூசி, மெஷினை வைத்து மேலும் கீழுமாக அழுத்தித் தேய்த்தாள். சந்திரா கண்ணை மூடிக் கிடந்தாள். சுடுகிறதா என்று கேட்டால், இல்லை, இதமாக இருக்கிறது என்றாள். நான் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நஜ்லா சொன்னாள்.

ஆடி பிறந்த அந்த வாரத்திலேயே ஒரு காலையில் கண்ணாடி முன்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள். "மாமா, இந்தக் கண்ணு தொறக்க மாட்டேங்குது." இடது இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கியது. விரலால் தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. அவள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பில்லை. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழி உடைந்த மாதிரி, ஆடிப்பெருக்கு சேல் நின்றுபோனது. இது நிரந்தரம் இல்லை, மருந்தின் வேகம் குறைந்தால் மூன்று நான்கு மாதத்தில் தானாகச் சரியாகும் என்று டாக்டர் போனில் சொன்னார். சூடு ஏதும் பட்டதா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

சந்திராவிடம் மெஷினில்தான் கோளாறு என்று சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நஜ்லா கண்ணைக் கெடுத்துவிட்டாள் என்று பேச்சுப் பரவியது. சம்சுதீன் பாய் வீட்டுக்கே வந்து கைகூப்பி நின்றார். கூட வந்த நஜ்லா மட்டும், "ஊசி போட்டிருக்கான்னு கேட்டேனே மாமா, இல்லன்னுதானே சொன்னீங்க?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எப்பத்தா கேட்ட?" என்றேன், சாந்தமாகத்தான்.

அவள் அப்புறம் கடையைத் திறக்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது. நல்ல பருவட்டாக, பெரிய ஏலக்காயாக ஒரு கிலோ கட்டி அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பாய் குடும்பத்தில் அந்த மரியாதைக்குறைவை நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் நம்ப மாட்டீர்கள் மேடம், எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்றால் அதற்குப் பிறகு வந்த அந்த நாட்கள்தான். சந்திரா வெளியே போகவில்லை. வளைய விளக்கைப் பரணில் போடச் சொன்னாள். போனை என் கையில் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னோடு ஜீப்பில் மெட்டுக்கு வருவாள். வளைவுகளில் என் தோளில் சாய்ந்துகொள்வாள். "நான் இப்படி ஆயிட்டேனே, என்னைய வெறுத்துற மாட்டீங்களே மாமா?" என்று கேட்பாள். எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, அந்தக் கேள்வியைக் காதால் கேட்க. இமையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கொட்டிவிட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றி வைத்தேன். கண்ணுக்குக் கெடுதல் இல்லாத தண்ணீர்தான். நானே அவள் தலையை மடியில் வைத்துச் சொட்டுவிட்டேன்.

ஆனாலும் புரட்டாசியில் இமை ஏற ஆரம்பித்தது. தினமும் காலையில் அவள் எழுவதற்கு முன்னால் நான் காத்திருந்து பார்ப்பேன். கருவிழி நாளுக்கு நாள் கூடுதலாகத் தெரிந்தது. ஒருநாள் முழுக் கண்ணையும் திறந்து என்னைப் பார்த்து, "மாமா, தீவாளி சேல் போட்ருவோமா?" என்றாள். பரணிலிருந்து விளக்கை அவளே இறக்கிவிட்டாள்.

அவள் போன் என்னிடம் இருந்ததால் வந்த செய்திகளை நான்தான் படித்தேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. ராஜா முகம்மது எழுதியிருந்தார், தங்கச்சி, உங்க கண்ணு சரியாகணும்னு வீட்ல எல்லாரும் துவா செஞ்சோம் என்று. என் பொண்டாட்டி கண்ணுக்கும் அவர் பிரார்த்தனைக்கும் என்ன சம்பந்தம்? அவர் மனைவியும் கூடச் சேர்ந்துதான் வேண்டியிருக்கிறார், தெரியும். தெரிந்தும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் பட்ட பாட்டில் கிடைத்த சந்திராவை ஊரே கூடி வேண்டித் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று தோன்றியது.

பால்ராஜ் என்று ஒருவன் இருக்கிறான். முன்பு மருந்துக் கம்பெனிக்கு ஆர்டர் பிடித்துக்கொண்டிருந்தவன். இப்போது அதே பையில் வேறு என்னென்னவோ ஊசிகளை வைத்துக்கொண்டு லாட்ஜுகளில் அழகுக்கு ஊசி போடுகிறேன் என்று திரிந்தான். குப்பியில் பெயர்ச்சீட்டு இருக்காது. பக்கத்துத் தேவாரம் ஊரில் ஒரு பெண் அவனிடம் ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனைத் தேடிப்போய் ஒன்றுதான் கேட்டேன்.

"இமை இறங்குமா?"

"எறங்கவே எறங்காதுண்ணே. நான் கேரண்டி" என்றான்.

அவன் வாயைத் திறந்தால் பொய் என்று ஊருக்கே தெரியும். அதனால் எனக்குத் தைரியம் வந்தது.

சந்திராவிடம், ஒரு பக்கம் நெற்றி உயர்ந்து மறுபக்கம் தாழ்ந்திருக்கிறது, சமப்படுத்த இன்னும் ஒரு சின்ன ஊசி போடச் சொல்லி மதுரை டாக்டரே ஆள் அனுப்புகிறார் என்றேன். டாக்டர் உண்மையில் சொன்னது, ஆறு மாதத்துக்கு முகத்தைத் தொடவே வேண்டாம் என்று. ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதா என்றுகூட அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். சந்திரா பயந்தாள். "வேண்டாம் மாமா, இதுவே போதும்" என்றாள். நான் வளர்பிறைப் பஞ்சமி குறித்து, மலைத் தோட்டத்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். இந்தத் தடவை நாள் நன்றாக இருக்கிறது, போனதடவை ஆடி வாசலில் செய்ததுதான் கோளாறு என்றேன். அதை அவள் நம்பினாள். எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் நம்புவார்கள்.

பால்ராஜ் போட்டுவிட்டு அடுத்த ஜீப்பில் இறங்கிப் போய்விட்டான். அவன் போனதும் வெந்நீர் போட்டு, துணியை நனைத்து, நெற்றியிலும் கழுத்திலும் ஒத்தடம் கொடுத்தேன். தைலம் தேய்த்துவிட்டேன். டாக்டர் எதெல்லாம் கூடாது என்றாரோ அது எல்லாம் எனக்கு மனப்பாடம். "உங்க கை எவ்வளவு இதமா இருக்கு மாமா" என்றாள். அவள் என்னிடம் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தடுத்த நாட்களில் இரண்டு இமையும் இறங்கின. பேச்சு குழறியது. தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வந்தது. இவ்வளவு தூரம் போகும் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் பயமாகவும் இல்லை. அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்று சொல்லப் பார்த்தாள். "இன்னைக்கு உனக்குச் சந்திராஷ்டமம்த்தா. பயணம் ஆகாது. கழியட்டும், போவோம்" என்றேன். அது பொய்யில்லை, நீங்கள் வேண்டுமானால் அவள் ராசிக்குப் பார்த்துக்கொள்ளலாம். மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே காய் பறிக்கிற ஆட்கள்கூட இல்லை. நான் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். அவளுக்கு என்னைத் தவிர பிடித்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

லோடு ஏற்ற வந்த ஜீப்புக்காரர் சின்ராசுதான் கெடுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "என்னண்ணே, மதினிக்கு மூச்சு இழுக்குது! நாள் பாக்குற நேரமா இது?" என்று என்னைத் தள்ளிவிட்டு, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வளைவெல்லாம் ஆரன் அடித்தபடி இறங்கினார். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். பெரியாஸ்பத்திரியில் தொண்டையில் குழாய் போட்டு மூச்சு மெஷினில் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வாள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்கிறார்கள். முத்துப்பிரியா வந்து மதுரை டாக்டரிடமும் நஜ்லாவிடமும் பேசி, இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டாள். புத்திசாலிப் பிள்ளை. இப்போது என்னை அப்பா என்று கூப்பிடுவதில்லை.

ஆமாம், எல்லாம் நான் செய்ததுதான். ஊசிக்கு மறுநாள் சூடு வைத்தது, மருந்தைக் கொட்டியது, பால்ராஜைக் கூட்டி வந்தது, மலையில் நிறுத்தி வைத்தது. நஜ்லா மேல் தப்பில்லை என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சந்திரா என் மேல் வருத்தமாக இருக்கிறாள் என்று மகள் சொல்கிறாளே, அதை மட்டும் எழுதாதீர்கள். அது தவறு. என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

இன்று காலை, நீங்கள் ஜீப் அனுப்புவதற்கு முன்னால், நான் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவளுக்கு விரல்களில் மட்டும் கொஞ்சம் அசைவு வந்திருக்கிறது. பவித்ரா என்கிற நர்ஸ் அவள் கையைப் பிடித்து, காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னாள். எனக்கும் கேட்டது. "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. உள்ள விடணும்னா என் கைய ஒரு தடவ அழுத்துங்க. வேணாம்னா ரெண்டு தடவ அழுத்துங்க."

சந்திரா இரண்டு தடவை அழுத்தினாள். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கேட்டாள். மறுபடியும் இரண்டு தடவை அழுத்தினாள். பிறகு என்னை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். புரியாதவர்கள். உடம்பில் ஒட்டியிருக்கிற அந்தத் துளி பலத்தில், ஒரு தடவை அழுத்தினால் போதும் என்று சொல்லியும், எனக்காக அவள் இரண்டு தடவை அழுத்தியிருக்கிறாள் மேடம்.